மின்சிகரெட்டும் நம் பிள்ளைகளும்

பால்மரத் தோட்டத்தில் உழைக்கும் நம்முடைய நாள் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. காலைக் குளிர்ச்சியில்தான் மரத்தில் பால் நன்றாக இறங்கும். ஆகவே, பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருக்கும்போதே தேநீரைக் குடித்துவிட்டு, அவர்கள் பசியாறுவதற்கு வேண்டியதை மூடி வைத்துவிட்டு, நாம் பிரட்டுக்குப் புறப்பட்டுவிடுகிறோம். பிள்ளைகள் தாமே எழுந்து, குளித்து, சீருடை அணிந்து, பள்ளிப் பேருந்தில் ஏறுகிறார்கள். அவர்கள் கண் விழிக்கும் அந்த முதல் அரை மணி நேரத்தில் நம்முள் பெரும்பாலோர் வீட்டில் இருப்பதில்லை.

இதனை முதலிலேயே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. மின்சிகரெட் என்றும் வேப் என்றும் வழங்கப்படும் பொருளுக்கு ஒரு பிள்ளை அடிமையாகிவிட்டானா என்பதை அறிய உதவும் தெளிவான அடையாளங்களுள் ஒன்று, கண் விழித்ததும் அவன் கை எதைத் தேடுகிறது என்பதாகும். அந்த அடையாளம் நாம் இல்லாத நேரத்தில்தான் வெளிப்படுகிறது. எனவே, இப்பழக்கம் எவ்வாறு தொடங்குகிறது, எவ்வாறு வளர்கிறது, எந்தக் கட்டத்தில் பிள்ளையின் விருப்பத்தைக் கடந்து அவனை ஆளத் தொடங்குகிறது என்பதைத் தோட்டத்துப் பெற்றோராகிய நாம் தெரிந்துவைத்துக்கொள்வது இன்றியமையாததாகும்.

மின்சிகரெட் என்பது யாது?

சிகரெட்டில் புகையிலை எரிகிறது. அதனால் புகை எழுகிறது. மின்சிகரெட்டில் அவ்வாறு எதுவும் எரிவதில்லை. சிறு மின்கலம், மெல்லிய கம்பிச்சுருள், திரவத்தில் ஊறிய பஞ்சு ஆகியவையே அதன் முக்கியமான உறுப்புகள். வாயில் வைத்து இழுக்கும்போது கம்பிச்சுருள் சூடேறுகிறது. பஞ்சிலுள்ள திரவம் மிக நுண்ணிய துளிகளாக மாறி, மூடுபனி போல நெஞ்சுக்குள் செல்கிறது. அத்திரவத்தின் பெரும்பகுதி புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் என்னும் இரண்டு பொருள்களாகும். அவற்றோடு மாம்பழம், முலாம்பழம், புதினா போன்ற சுவைகளைத் தரும் இரசாயனங்களும், பெரும்பாலானவற்றில் நிக்கோட்டினும் கலந்திருக்கும். நிக்கோட்டின் என்பது புகையிலைச் செடியில் இயற்கையாகவே உள்ள சத்து. சிகரெட்டை விடமுடியாமல் மனிதனைப் பிடித்து வைத்திருப்பது அதுவே.

இன்று பரவலாக உள்ள மின்சிகரெட்டுக்கு வழிவகுத்தவர் சீனாவைச் சேர்ந்த மருந்தாளர் ஹோன் லிக் ஆவார். தாமே புகைப்பழக்கம் உடையவராக இருந்த அவர், 2003ஆம் ஆண்டு வாக்கில், சிகரெட்டுக்கு ஒரு மாற்றாக இக்கருவியை அமைத்தார். புகையிலை எரியாததால், சிகரெட் புகையிலுள்ள தாரும் கார்பன் மோனாக்சைடும் இதில் இல்லை என்றே கூறலாம். நெடுங்காலம் சிகரெட் புகைத்த பெரியவர் ஒருவர் அதனை அறவே விட்டுவிட்டு இதற்கு மாறினால், அவருக்கு நேரும் தீங்கு குறையும் என்பதும் உண்மையே.

ஆனால், சிகரெட்டைத் தொட்டிராத 14 வயதுப் பிள்ளைக்கு இந்த நியாயம் எவ்வகையிலும் பொருந்தாது. பெரியவர் பெருந்தீங்கிலிருந்து சிறுதீங்குக்கு இறங்கி வருகிறார். பிள்ளையோ தீங்கே இல்லாத நிலையிலிருந்து தீங்குக்குள் நுழைகிறான். "சிகரெட்டைவிட இது நல்லதுதானே?" என்று பிள்ளைகள் கேட்கும்போது நாம் கூறவேண்டிய விடை இதுவே.

நம் நாட்டின் நிலை

சுகாதார அமைச்சு 13 வயது முதல் 17 வயது வரையிலான பள்ளி மாணவரிடையே தேசிய அளவில் சுகாதார ஆய்வு நடத்தி வருகிறது. 2017ஆம் ஆண்டு ஆய்வின்படி, அவ்வயதினரில் 9.8 விழுக்காட்டினர் மின்சிகரெட்டைப் பயன்படுத்தி வந்தனர். 2022ஆம் ஆண்டில் அது 14.9 விழுக்காடாக உயர்ந்தது. அதாவது, ஏறக்குறைய ஏழு பிள்ளைகளில் ஒருவர். 35 மாணவர் அமர்ந்திருக்கும் வகுப்பறை ஒன்றினை நினைத்துப் பார்த்தால், அவர்களுள் ஐவர் என்று கணக்காகிறது. ஆண்பிள்ளைகளிடம் இது மிகுதி. எனினும் பெண்பிள்ளைகளும் இதற்கு விலக்கல்லர்.

அதே ஐந்தாண்டுக் காலத்தில், சிகரெட் புகைக்கும் மாணவரின் விகிதம் 13.8 விழுக்காட்டிலிருந்து 6.2 விழுக்காடாகக் குறைந்தது. இது மகிழ்ச்சிக்குரிய செய்தி. பல்லாண்டு காலப் பிரசாரத்திற்கும் சட்டத்திற்கும் கிடைத்த பலன் என்றே இதனைக் கொள்ளலாம். ஆயினும், ஒரு கதவை நாம் அடைத்துக்கொண்டிருந்த வேளையில் மற்றொரு கதவு திறந்துகொண்டது.

இவ்வாறு நேர்ந்தது ஏன்? சிகரெட்டுக்கும் பிள்ளைக்கும் இடையே சில வேலிகள் இயல்பாகவே இருந்தன. முதல் சிகரெட் தொண்டையைக் கமறச் செய்யும், இருமல் வரும், தலை சுற்றும். வாயிலும் சட்டையிலும் நாற்றம் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்குள் நுழைந்ததும் தாய் அறிந்துகொள்வாள். மின்சிகரெட் இவ்வேலிகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டது. அதில் பழவாசனை வீசுகிறது. அந்த வாசனையும் சில நிமிடங்களில் கலைந்துவிடுகிறது. எழுதுகோல் போலவும், கணினியில் செருகும் சிறு கருவி போலவும், விளையாட்டுப் பொருள் போலவும் அது பல வடிவங்களில் கிடைக்கிறது. பிள்ளையின் பள்ளிப்பைக்குள் அது இருந்தாலும், பேனா என்றே நாம் எண்ணிவிடக்கூடும்.

நிக்கோட்டின் பிடிக்கும் விதம்

மூச்சோடு உள்ளே சென்ற நிக்கோட்டின், நெஞ்சிலிருந்து இரத்தத்தில் கலந்து, 10 முதல் 20 விநாடிகளுக்குள் மூளையை அடைகிறது. அங்கே அது டோப்பமின் என்னும் பொருளைச் சுரக்கச் செய்கிறது. நல்ல உணவை உண்ணும்போதும், விளையாட்டில் வெற்றி பெறும்போதும் நமக்கு மகிழ்ச்சியூட்டுவதில் பங்குகொள்ளும் பொருள் அது. எவ்வித உழைப்புமின்றி அம்மகிழ்ச்சி கிடைக்கும்போது, மூளை அதனை நினைவில் வைத்துக்கொண்டு மீண்டும் கேட்கிறது.

தொடர்ந்து நிக்கோட்டின் வந்துகொண்டிருந்தால் மூளையும் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. நிக்கோட்டினை ஏற்கும் இடங்கள் மூளையில் பெருகுகின்றன. அவ்விடங்கள் வெறுமையாகும்போது எரிச்சல், பதற்றம், கவனக்குறைவு, மனச்சோர்வு ஆகியவை தோன்றுகின்றன. மீண்டும் ஒரு முறை இழுத்தால் அவை அடங்கிவிடுகின்றன. "இது என் மனத்தை அமைதிப்படுத்துகிறது" என்று பிள்ளை கூறுவான். அவன் பொய் சொல்லவில்லை. ஆனால், அவன் இப்போது தணித்துக்கொள்ளும் பதற்றத்தில் ஒரு பெரும்பகுதி, முன்பு இழுத்த இழுப்பு விட்டுச்சென்றதே ஆகும். இதனை அவனுக்கு எடுத்துச் சொல்வோர் இல்லை.

இங்கே மற்றொன்றையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். தோட்டத்தில் பாலை ஆசிட் கலந்து உறைய வைக்கிறோம். சிறிதளவு அமிலம் சேர்ந்ததும் நீர்போல் இருந்த பால் கட்டியாகிவிடுகிறது. பொருள் அதுவே, தன்மை மட்டும் மாறிவிடுகிறது. நிக்கோட்டினிலும் அமிலத்தைக் கொண்டு இத்தகைய மாற்றமொன்றைச் செய்கிறார்கள். இயல்பான நிக்கோட்டின் தொண்டையை அரிக்கும். ஆகவே, ஒருவர் ஓரளவுக்கு மேல் அதனை இழுக்கவியலாது. அதனோடு பென்சாயிக் அமிலம் போன்ற ஒன்றைச் சேர்த்தால் நிக்கோட்டின் உப்பு உண்டாகிறது. அது தொண்டைக்கு மென்மையாக இருக்கிறது. 2015ஆம் ஆண்டு முதல் இவ்வகைத் திரவங்கள் உலகெங்கும் பரவின. இதன் பயனாக, முன்னர் எந்தப் பிள்ளையும் தாங்கியிருக்க முடியாத அளவு நிக்கோட்டினை இன்று ஒரு சிறு பிள்ளை இருமாமல் இழுத்துவிட முடிகிறது.

அளவை ஒரு கணக்கால் காண்போம். ஒரு சிகரெட்டிலிருந்து புகைப்பவர் உடலில் சேரும் நிக்கோட்டின் சுமார் 1 முதல் 2 மில்லிகிராம். ஒரு மில்லிலிட்டரில் 50 மில்லிகிராம் நிக்கோட்டின் கொண்ட திரவங்கள் சந்தைக்கு வந்துள்ளன. அத்தகைய திரவம் 2 மில்லிலிட்டர் அடங்கிய சிறு கருவியில் 100 மில்லிகிராம் இருக்கிறது. அது முழுவதும் உடலில் சேர்ந்துவிடாது என்பது உண்மையே. இருப்பினும், பல பெட்டி சிகரெட்டின் ஆற்றல் ஒரு விரல் நீளக் கருவிக்குள் அடங்கியிருக்கிறது என்பதை மறந்துவிடலாகாது.

இளமையில் ஏன் விரைவு?

இளங்கன்றை நட்ட உடனே அதில் யாரும் உளி வைப்பதில்லை. ஐந்தாறு ஆண்டுகள் காத்திருந்து, மரத்தின் சுற்றளவு சுமார் 45 முதல் 50 செண்டிமீட்டர் ஆன பின்னரே பட்டையைச் சீவுகிறோம். முதிராத மரத்தைச் சீவினால் அதன் வளர்ச்சி குன்றிவிடும். மரம் பட்டுப்போகாவிட்டாலும் இழந்த வளர்ச்சியை அது முழுமையாக ஈடுசெய்வதில்லை. இதனைத் தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் விளக்கிக் கூற வேண்டியதில்லை.

மனித மூளையும் ஏறக்குறைய 25 வயது வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. கவனம், கற்றல், மனநிலை, ஆசையை அடக்கும் ஆற்றல் ஆகியவற்றுக்குரிய பகுதிகள் கடைசியாகவே முதிர்கின்றன. அப்பருவத்தில் நிக்கோட்டின் பழகினால், அது பெரியவரைப் பிடிப்பதைவிட விரைவாகவும் உறுதியாகவும் பிள்ளையைப் பிடிக்கிறது. அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் மாநிலத்துப் பள்ளி மாணவரைக் கொண்டு நடத்தி 2000ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று, சிகரெட்டை எப்போதாவது புகைத்த பிள்ளைகளுள் சிலருக்கு, தொடங்கிய சில வாரங்களிலேயே அடிமைத்தனத்தின் அறிகுறிகள் தோன்றியதைக் காட்டியது. நாள்தோறும் புகைத்தால்தான் அடிமையாவோம் என்ற எண்ணம் தவறானது என்பது அதனால் தெளிவாயிற்று. சிகரெட்டிலிருந்து கிடைத்தாலும் மின்சிகரெட்டிலிருந்து கிடைத்தாலும் நிக்கோட்டின் ஒன்றே.

பழக்கம் வளரும் படிகள்

இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவம் பயிலும் ஒரு பையனை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவன் எந்தத் தோட்டத்திலும் இருக்கக்கூடிய பையன், கெட்டவன் அல்லன்.

முதற்படி, ருசி பார்த்தல். பேருந்துக்குக் காத்திருக்கும்போது நண்பன் நீட்டுகிறான். பணம் கொடுக்க வேண்டியதில்லை. மறுத்தால் கோழை என்பார்கள். ஒரு முறை இழுக்கிறான், மாம்பழம் இனிக்கிறது. பிள்ளைகளுள் பலர் இந்தப் படியோடு நின்றுவிடுகிறார்கள்.

இரண்டாம் படி, கூட்டத்தோடு இழுத்தல். பந்து விளையாடிய பின்னரும், வார இறுதியில் நண்பர்கள் கூடும்போதும் இழுக்கிறான். தனக்கென்று ஒரு கருவி அவனிடம் இன்னும் இல்லை. கூட்டம் இல்லாத நாளில் அதன் நினைவும் வருவதில்லை.

மூன்றாம் படி, சொந்தக் கருவி. கைச்செலவுக் காசைச் சேர்த்து வாங்குகிறான். இனி நண்பர் தேவையில்லை. தனியே இருக்கும்போதும் இழுக்கலாம். ஒரு பிள்ளை தனியே இழுக்கத் தொடங்குவது கவனத்திற்குரிய திருப்பமாகும். அதுவரை அவனை ஈர்த்தது நட்பு. இப்போது ஈர்ப்பது நிக்கோட்டின்.

நான்காம் படி, நாள் முழுவதும். இங்கேதான் மின்சிகரெட் சிகரெட்டிலிருந்து பெரிதும் வேறுபடுகிறது. ஒரு சிகரெட் பத்துப் பன்னிரண்டு இழுப்பில் எரிந்து முடிந்துவிடும். அடுத்ததைப் பற்ற வைப்பதா என்று மனிதன் சற்று எண்ணிப் பார்க்க அங்கே ஓர் இடைவெளி உண்டு. எத்தனை புகைத்தோம் என்பதற்கு எறிந்த துண்டுகள் சாட்சியாகக் கிடக்கும். மின்சிகரெட்டுக்கு முடிவும் இல்லை, கணக்கும் இல்லை. பள்ளிக் கழிவறையில் இரண்டு இழுப்பு, பேருந்தின் பின்னிருக்கையில் ஓர் இழுப்பு, போர்வைக்குள் கைத்தொலைபேசியைப் பார்த்தபடி ஐந்தாறு இழுப்பு என்று நாள் முழுவதும் சிதறிக் கிடக்கிறது. எவ்வளவு இழுத்தான் என்று கேட்டால், அவனாலேயே விடை கூறவியலாது.

ஐந்தாம் படி, கண் விழித்ததும் தேடுதல். இதனைத் தனியே விளக்க வேண்டியுள்ளது.

விடியற்காலை காட்டும் அடையாளம்

நிக்கோட்டின் உடலில் நெடுநேரம் தங்குவதில்லை. இரத்தத்திலுள்ள அதன் அளவு சுமார் இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை பாதியாகக் குறைகிறது. இரவில் எட்டு மணி நேரம் உறங்கி எழும்போது பதினாறில் ஒரு பங்குதான் எஞ்சியிருக்கும். ஆகவே, நிக்கோட்டினுக்கு அடிமைப்பட்ட மூளை நாளிலேயே மிகுந்த தவிப்போடு இருப்பது விடியற்காலையில்தான். எப்போதாவது இழுக்கும் பிள்ளை எழுந்ததும் பல் துலக்குவான், பசியாறுவான். அடிமையாகிவிட்ட பிள்ளையோ தலையணைக்கு அடியில் கைவிட்டுத் தேடுவான்.

சுவீடன் நாட்டு உளவியலாளர் கார்ல் ஃபாகர்ஸ்ட்ரோம் 1978ஆம் ஆண்டில் வெளியிட்ட வினாத்தொகுப்பும் இவ்வுண்மையைப் பயன்படுத்திக்கொண்டது. கண் விழித்து எவ்வளவு நேரத்திற்குள் முதல் சிகரெட்டைப் புகைக்கிறீர்கள் என்பது அதிலுள்ள கேள்விகளுள் ஒன்று. ஐந்து நிமிடத்திற்குள் என்று விடை கூறுவோருக்கு அடிமைத்தனம் மிகக் கடுமையானது என்று மருத்துவர் கொள்வர். மின்சிகரெட்டின் தொடர்பிலும் இன்று இக்கேள்வியே கேட்கப்படுகிறது.

அந்த நேரத்தில் நாம் காட்டில் உளியும் வாளியுமாக நிற்கிறோம். நாம் வீடு திரும்புவதற்குள் பிள்ளை பள்ளிக்குச் சென்றுவிடுகிறான். மாலையில் சிரித்த முகத்தோடு வருகிறான். வழியிலேயே இழுத்துவிட்டு வந்திருப்பதால் தவிப்பும் தெரிவதில்லை. பெற்றோருக்கு ஐயம் எழாமல் போவதில் வியப்பில்லை. தவறு பெற்றோரின் கவனக்குறைவு என்று கூறிவிட முடியாது. நம் வேலை நேரமும் இப்பழக்கம் வெளிப்படும் நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டன.

ஆதலின், கண்ணால் காண முடியாததைக் கேட்டறிய வேண்டும். பின்வரும் கேள்விகளை அமைதியாக இருக்கும் ஒரு நேரத்தில் பிள்ளையிடம் கேட்கலாம்.

காலையில் எழுந்ததும் அதனை இழுக்கவேண்டும் என்று தோன்றுகிறதா? பாட நேரத்தில் அதன் நினைவு வந்து கவனம் சிதறுகிறதா? அது கிடைக்காத நாளில் எரிச்சலோ பதற்றமோ ஏற்படுகிறதா? இரவில் விழித்துக்கொண்டு இழுத்தது உண்டா? விட்டுவிட வேண்டும் என்று முயன்று முடியாமல் போயிற்றா?

இவற்றுள் ஒன்றுக்கேனும் "ஆம்" என்ற விடை வந்தால், பிள்ளையின் கைப்பிடி தளரத் தொடங்கிவிட்டது என்று கொள்ள வேண்டும். பல கேள்விகளுக்கு அவ்விடை வந்தால் மருத்துவ உதவி தேவை.

உடலுக்கு நேரும் தீங்கு

மின்சிகரெட்டிலிருந்து வெளிவருவது வெறும் நீராவி என்று வணிகர் சிலர் கூறுவர். அது சரியன்று. திரவம் சூடேறும்போது ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற நச்சுப்பொருள்கள் உண்டாகின்றன. கம்பிச்சுருளிலிருந்து நிக்கல், ஈயம் போன்ற உலோகங்களின் நுண்துகள்களும் கலக்கின்றன. இருமல், இளைப்பு ஆகியவை ஏற்படலாம். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அது மோசமாகலாம்.

2019ஆம் ஆண்டில் அமெரிக்காவில், மின்சிகரெட் பயன்படுத்திய பலர் திடீரென நுரையீரல் பாதிக்கப்பட்டு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். 2020ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் வரை 68 பேர் உயிரிழந்தனர். கஞ்சாச் சத்து கலந்த திரவங்களில் சேர்க்கப்பட்ட வைட்டமின் இ அசிட்டேட் என்னும் எண்ணெய்ப்பொருளே முக்கியக் காரணம் என்று பின்னர் அறியப்பட்டது. திரவத்துக்குள் என்ன கலந்திருக்கிறது என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை என்பதே இதில் அடங்கிய பாடம். நம் வட்டாரத்திலும் செயற்கைப் போதைப்பொருள் கலந்த திரவங்கள் பிடிபட்டுள்ளன. மயக்க மருந்தாகிய எட்டோமிடேட் மின்சிகரெட்டில் கலந்து விற்கப்பட்டதால், சிங்கப்பூர் அரசாங்கம் 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி முதல் அதனைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்தது.

சிறு குழந்தைகள் உள்ள லயத்து வீடுகளில் மேலும் ஓர் ஆபத்து உண்டு. பழவாசனை வீசும் திரவத்தைக் குழந்தை குடித்துவிட்டால் வாந்தி, வியர்வை, வலிப்பு ஆகியவை ஏற்பட்டு உயிருக்கே தீங்கு நேரலாம். தோலின் வழியாகவும் நிக்கோட்டின் உடலில் சேரும். அவ்வாறு நேர்ந்தால் சற்றும் தாமதியாமல் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். திரவப்புட்டியையும் உடன் எடுத்துச்செல்ல வேண்டும்.

பெற்றோர் செய்யத்தக்கவை

பிள்ளையின் பையில் மின்சிகரெட்டைக் கண்டதும் நம்முள் பலருக்குக் கை ரோத்தானைத் தேடும். அந்தச் சினம் அன்பினால் எழுவதே. ஆனால், அடித்தால் பிள்ளை பழக்கத்தை விடுவதில்லை; மறைக்கக் கற்றுக்கொள்கிறான். மறைப்பதற்கு இதைவிட எளிதான பொருள் வேறில்லை என்பதை மேலே கண்டோம்.

"தம்பி, இங்கே வந்து உட்கார். அப்பா அடிக்கமாட்டேன். காலையில் எழுந்ததும் இது வேண்டும்போல் இருக்கிறதா?" என்று ஒரு தந்தை கேட்பாரானால், பாதி வேலை முடிந்தது என்று கொள்ளலாம். பிள்ளை உண்மையைச் சொன்னால் அவ்வுண்மைக்குத் தண்டனை தரலாகாது. வீட்டில் பெரியவர் எவரேனும் சிகரெட்டோ வேப்போ பயன்படுத்தினால், "வா, நாம் இருவரும் சேர்ந்து விடுவோம்" என்று கூறுவதைவிட வலிமையான அறிவுரை வேறில்லை.

விடுவதற்கு ஒரு நாளைக் குறித்துக்கொள்வது நன்று. நிக்கோட்டின் இல்லாமையால் வரும் தவிப்பு முதல் இரண்டு மூன்று நாள்களில் மிகக் கடுமையாக இருக்கும். பிறகு படிப்படியாகக் குறைந்து, பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் அடங்கிவிடும். ஆகவே, பள்ளி விடுமுறையின் தொடக்கத்தைத் தேர்ந்தெடுக்கலாம். கருவி, திரவம், மின்னூட்டி ஆகிய அனைத்தையும் அன்றே வீட்டிலிருந்து அகற்றிவிட வேண்டும். அந்நாள்களில் பிள்ளை சிடுசிடுப்பான், உறக்கமின்றிப் புரளுவான், அடிக்கடி பசி என்பான். அது திமிர் அன்று. உடல் நலம்பெறும் வழியில் வரும் துன்பம். இழுக்கவேண்டும் என்ற எண்ணம் எழும்போது சில நிமிடங்கள் தாமதித்தால் அது தணிந்துவிடும். அந்நேரத்தில் நீர் அருந்துவதும், சற்று நடந்துவிட்டு வருவதும், பந்தாடச் செல்வதும் உதவும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, விடியற்காலையைக் காக்க வேண்டும். முதல் இரண்டு வாரங்களுக்கு, பிள்ளை கண் விழிக்கும் நேரத்தில் யாரேனும் ஒருவர் அருகில் இருக்க ஏற்பாடு செய்வோம். பாட்டியோ, அண்ணனோ, அக்காளோ, அடுத்த வீட்டு அத்தையோ அந்தத் துணையாக அமையலாம். எவரும் இல்லையெனில், காட்டில் நிற்கும் நாமே கைத்தொலைபேசியில் அழைத்து, "எழுந்துவிட்டாயா, பசியாறினாயா?" என்று கேட்கலாம். இரண்டு நிமிடப் பேச்சு அந்தத் தவிப்பைக் கடத்திவிடக்கூடும்.

அரசாங்கச் சுகாதார நிலையங்களில் புகைப்பழக்கத்தை நிறுத்துவதற்கான சேவை நடத்தப்படுகிறது. மின்சிகரெட்டுக்கு அடிமையானவரும் அங்கே ஆலோசனை பெறலாம். மருந்து தேவையா என்பதைப் பிள்ளையின் வயதைப் பார்த்து மருத்துவரே முடிவு செய்வார். துணையிருந்தால் பலன் கிட்டும் என்பதற்குச் சான்றும் உண்டு. 13 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கைத்தொலைபேசிச் செய்திகளின் வழி நாள்தோறும் ஊக்கமளித்த திட்டமொன்றை அமெரிக்க ஆய்வாளர் சோதித்து, 2024ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். ஏழு மாதங்களுக்குப் பின், அத்தகைய செய்திகளைப் பெறாதவர்களில் 28 விழுக்காட்டினரும், பெற்றவர்களில் ஏறக்குறைய 38 விழுக்காட்டினரும் பழக்கத்தை விட்டிருந்தனர். முன்பின் அறியாதவர் அனுப்பும் செய்திக்கே இத்துணைப் பயன் உண்டெனில், பெற்ற தாயின் குரலுக்கு எத்துணைப் பயன் இருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

சட்டம் கூறுவது

பொதுச் சுகாதாரத்திற்கான புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம், அதாவது சட்டம் 852, 2024ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. மின்சிகரெட்டும் அதன் திரவமும் இச்சட்டத்தின்கீழ் அடங்கும். 18 வயதுக்குக் குறைந்தவருக்கு அவற்றை விற்பது குற்றம். அவ்வயதினர் வாங்குவதும் பயன்படுத்துவதும் தடைசெய்யப்பட்டுள்ளன. இணையத்தின் வழியும் தானியங்கி இயந்திரத்தின் வழியும் விற்பதற்கும் தடை உண்டு. மேலும், ஜொகூர் மாநிலம் 2016ஆம் ஆண்டிலும், திரங்கானு மாநிலம் 2025ஆம் ஆண்டிலும் வேப் விற்பனையையே தடை செய்தன. தோட்டத்திற்கு அருகிலுள்ள கடையில் பிள்ளைகளுக்கு அதனை விற்பதாகத் தெரியவந்தால், மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் புகார் செய்வது நம் உரிமையும் கடமையுமாகும்.

ஒன்றுபட்டால் உண்டு வழி

பிள்ளைகளின் மின்சிகரெட் பழக்கத்தைக் குறைக்கவே முடியாது என்று எண்ணிவிடத் தேவையில்லை. அமெரிக்காவில் உயர்நிலைப்பள்ளி மாணவரிடையே 2019ஆம் ஆண்டில் 27.5 விழுக்காடாக இருந்த இப்பழக்கம், 2024ஆம் ஆண்டில் 7.8 விழுக்காடாக இறங்கியது. சட்டமும் பள்ளியும் வீடும் ஒரே திசையில் நின்றால் மாற்றம் வரும்.

நம் தோட்டங்களுக்கும் இத்தகைய வரலாறு உண்டு. கூலிப்பணம் கைக்கு வந்த மாலையிலேயே அதனை விழுங்கிவிடும் கள்ளுக்கடைகள் ஒரு காலத்தில் தோட்டங்களுக்குள்ளேயே இருந்தன. 1946, 1947ஆம் ஆண்டுகளில், கெடா மாநிலத்துப் பீடோங் அருகே ஹார்வார்ட் தோட்டத்தில் தோன்றிய தொண்டர் படை, அக்கள்ளுக்கடைகளுக்கு எதிராகத் தொழிலாளரைத் திரட்டியது. குடிப்பவனை ஏசிக்கொண்டிருப்பது மட்டும் போதாது, அவனைத் தேடிவந்து நிற்கும் கடையையும் எதிர்க்க வேண்டும் என்பதை நம் முன்னோர் அன்றே உணர்ந்திருந்தனர்.

இன்றைய கடை ஒரு பிள்ளையின் சட்டைப்பைக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே, இன்று நாம் தொடங்க வேண்டிய இடம் நம் வீடு. இன்று மாலை பிள்ளைகளை அருகில் அழைத்து, அன்போடு அந்த முதல் கேள்வியைக் கேட்போம். நாளை விடியற்காலை பிரட்டுக்குப் புறப்படும் முன், உறங்கும் பிள்ளையைத் தொட்டு எழுப்பி, ஒரு சொல் பேசிவிட்டுச் செல்வோம்.